சைக்கிளுக்கு ஒரு நிறம்

எதையாவது ஒன்றைத் தொட்டு இதுதான் என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம், அது வசந்தாமணிக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் கை எழவில்லை. கடைக்காரன் ஹாரூன் கண்ணாடி மேசையின் மேல் கைப்பிடி உறைகளைச் சோடி சோடியாகப் பரப்பி வைத்திருந்தான். கறுப்பு, சாம்பல், செங்கல் நிறம், ஊதா, பாசிப்பச்சை. சிலது வரிவரியாக இருந்தது, சிலது புள்ளி புள்ளியாகப் புடைத்துக்கொண்டு பாகற்காய்த் தோல் மாதிரி இருந்தது. "தொட்டுப் பாருங்கக்கா. மெத்துனு இருக்கறதும் இருக்கு, கெட்டியா இருக்கறதும் இருக்கு. கைக்கு எது ஒத்துக்குதோ அதை எடுங்க" என்றான். அவளுடைய வீட்டுக்காரர் குழந்தைவேலு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். "உனக்குப் புடிச்சதாப் பாத்து எடு வசந்தா. உன்ற சைக்கிள். நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார். வாயே திறக்க மாட்டேன் என்பது அவர் அவளுக்குத் தரும் பெரிய மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து தந்துகொண்டிருக்கிறார். கடையின் நடுவே, ஸ்டாண்டின் மேல், அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த ஃபிரேம் பூச்சு எதுவும் இல்லாமல், பற்றவைத்த இடங்களில் வெந்த நீலம் தெரிய நின்றது. அவள் உயரத்துக்கு மலைச்சைக்கிள் கடையில் கிடைப்பதில்லை, போன இடத்தில் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுவதைத்தான் எடுத்துக் காட்டினார்கள், அதைப் பார்த்து அவருக்கு ரோசம் வந்து, திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் விசாரித்து இந்த ஹாரூனைப் பிடித்தார். ஹாரூனின் மனைவி வந்து டேப்பை வைத்து அவள் கால் நீளம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் அளந்துகொண்டு போனாள். அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு மலை ஏற வேண்டாங்க, எனக்கு உட்கார்ந்தால் போதும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். டேப் கழுத்துக்குப் பின்னால் சில்லென்று இருந்ததும், அந்தப் பெண் "கையை நல்லா நீட்டுங்க" என்றதும் அவள் நீட்டியதும்தான் நடந்தது.

சாம்பல் நிற உறையை எடுத்து விரலால் நெருக்கினாள். ரப்பர் வாசனை. இது சாம்பலும் இல்லை, இதற்குள் பச்சை ஓடுகிறது, வெயிலுக்குக் கொண்டு போனால் பச்சை மேலே வந்து நிற்கும். அவளே நினைத்தாலும் கண்ணை நிறுத்த முடிவதில்லை. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் சாயப்பட்டறையில் கலர் பார்த்த கண் அது. வாங்குகிறவன் வெளிநாட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி அனுப்புவான், அதே கலரில் சாயம் போட்டுப் பட்டறையிலிருந்து நாலு துண்டு வரும், கறுப்புப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு, பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு விளக்கு என்று மாற்றி மாற்றி, இது ஒரு துளி சிவப்பு தூக்கல், இது மங்கல், இது ஆகும், இது ஆகாது. அவள் ஆகும் என்றால் டன் கணக்கில் துணி சாயத்துக்குள் இறங்கும். ஆகாது என்றால் ராத்திரி முழுக்க மறுபடி போடுவார்கள். முதலாளி காலையில் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, வசந்தாமணி பாத்தாச்சா என்பதுதான். பாத்தாச்சுங்க. பாத்தாச்சு, பாத்தாச்சு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுப்பு மேடைக்கு எந்தக் கல் போடுவது என்று கொத்தனார் நிற்பார், கொழுந்தன் மகளுக்குச் சீர்ப்புடவை எடுக்க அவள்தான் வரவேண்டும் என்று வண்டி அனுப்புவார்கள், மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் இடுப்பெலும்பு உடைந்தபோது கோவையா ஈரோடா என்று அவளைத்தான் கேட்டார்கள், ஹைதராபாத்திலிருந்து மகள் மதுமிதா போனில் இரண்டு திரைச்சீலைப் படம் அனுப்பி, அம்மா இதா அதா என்கிறாள். நேற்றுக்கூட அனுப்பினாள். வசந்தாமணி இது என்று பதில் போட்டாள், போட்ட பிறகு எதை இது என்று சொன்னோம் என்பதே நினைவில்லை. வசந்தா சொன்னாச் சரி. வசந்தா சொன்னாத் தப்பா இருக்காது. ஓட்டலுக்குப் போனால்கூட இவர் பட்டியலைக் கையில் வாங்காமல், நீ என்ன சொல்றியோ அதுதான் என்பார். எல்லோரும் அவளைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாரம் தூக்குகிறவளைப் பார்த்து, நீ தூக்கினால்தான் அழகு என்பது போல.

"உறை அப்பறம் பாக்கலாங்கக்கா, விடுங்க" என்றான் ஹாரூன். அவள் முகத்தில் என்ன கண்டானோ. "சீட்டப் பாருங்க. இது முக்கியம். இதுல ஒரு வசதி இருக்குது." ஃபிரேமின் பக்கம் போய் ஒரு குழாயைச் சொருகி, மேலே சீட்டை வைத்து, விரலால் ஒரு சின்ன லீவரை அழுத்தினான். சீட் புஸ்ஸென்று கீழே இறங்கியது. "ஏத்தத்துல சீட்டு உயரமா இருக்கோணும், அப்பத்தான் காலுக்குப் பலம் கெடைக்கும். எறக்கத்துல இதை அமுத்தீட்டா கீழ போயிரும், ஒடம்பு பின்னால போயிரும், குப்புற விழ மாட்டீங்க. போடலாமா? அமுத்தற பட்டன் இடது கைல வரோணுமா, வலது கைலயா?" குழந்தைவேலு குனிந்து அந்த லீவரைத் தானும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார், புஸ், மறுபடி மேலே விட்டு மறுபடி அழுத்தினார், புஸ், சின்னப் பையன் மாதிரி சிரித்தார். குனிந்து நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியதா? அவள் காது அந்தப் பக்கம் போய்விட்டது. வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் அவ்வளவு தூரம் குனிந்தால் யாருக்கும் வாங்கும். இதுதான் அவளுக்கு இப்போது முழுநேர வேலை, பட்டறையை விட்டு நின்றதிலிருந்து. படி ஏறினால் காது, குளித்துவிட்டு வந்தால் காது, படுத்தால் காது. பக்கத்தில் அவர் தூங்குவார், அவள் அந்த மூச்சு வருவதையும் போவதையும் கேட்டுக்கொண்டே கிடப்பாள், நடுவில் ஒன்று கொஞ்சம் தாமதமானால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள், அது வந்த பிறகு படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டாளிகளோடு ஆனைகட்டி மலைப் பக்கம் சைக்கிளில் போகிறபோது கேட்க மூச்சும் இருக்காது. அந்த நாட்கள்தான் மோசம். மேட்டின் மேல் நின்று கையைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்து அனுப்புவார். அவள் அந்தப் படத்தில் மலையைப் பார்ப்பதில்லை, உதட்டின் நிறத்தைப் பார்ப்பாள். நீலம் ஓடுகிறதா. போனில் தெரியாது, போன் எல்லாக் கலரையும் தூக்கிக் காட்டும்.

இடது கையா வலது கையா என்று ஹாரூன் கேட்டது இன்னும் காற்றில் நின்றது. இதா அதா. இப்படித்தான், இவருக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு, அந்த டாக்டரும் கேட்டார், வாசலில் பச்சைத் துணி தொங்கிய அந்த அறையிலிருந்து வெளியே வந்து, தலையில் கட்டியிருந்த தொப்பியை அவிழ்க்காமல். நல்ல மனுசன்தான். அவசரம் காட்டவில்லை. அடைப்பு மூணு இடத்துல இருக்குங்கம்மா, சாருக்குச் சர்க்கரையும் இருக்கு, பைபாஸ் பண்ணினா ரொம்ப நாளைக்கு நிக்கும், ஆனா பெரிய ஆபரேசன். ஸ்டென்ட்டுனு சின்னக் கம்பிவலையும் உள்ள வைக்கலாம், இப்பவே, இன்னிக்கே முடிஞ்சிரும், மறுபடி அடைக்க வாய்ப்புக் கொஞ்சம் ஜாஸ்தி. ரெண்டுமே செய்யறதுதான். நீங்க சொல்லுங்க. மதுமிதாவின் போன் கிடைக்கவில்லை. கொழுந்தன் பக்கத்தில்தான் நின்றார், அவரைத் திரும்பிப் பார்த்தாள், நீங்க சொன்னாச் சரிங்க அண்ணி என்றார். அந்த வார்த்தையை அவர் மரியாதையோடுதான் சொன்னார். வசந்தாமணி ஸ்டென்ட் வெச்சிருங்க என்றாள். அவ்வளவுதான் நடந்தது. ஏன் அதைச் சொன்னாள் என்பதில்தான் சிக்கிக்கொள்கிறது. நெஞ்சைப் பிளக்கப் பயந்து சொன்னேன் என்று கொஞ்ச நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் உடம்பு தாங்காது என்று சொன்னேன் என்று கொஞ்ச நாள். இரண்டும் இல்லை. டாக்டர் பேசிய அத்தனையிலும் அவள் காதில் விழுந்தது இன்னிக்கே முடிஞ்சிரும் என்பது ஒன்றுதான். விடிகாலையிலிருந்து நின்ற கால், ஒன்றும் சாப்பிடாத வயிறு, யாரோ எங்கேயோ பினாயில் ஊற்றிக் கழுவுகிற வாசனை, முடிந்துவிட வேண்டும், எப்படியாவது முடிந்து எங்கேயாவது உட்கார வேண்டும். அவர் உயிரைத் தராசில் வைத்தபோது மறுதட்டில் அவள் கால்வலி இருந்தது. இதை யாரிடம் சொல்வது. வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம், அடைப்பு இருந்துச்சு, ஸ்டென்ட் வெச்சாச்சு என்றாள். இரண்டு வழி இருந்தது என்பதைச் சொல்லவில்லை. அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், வேற வழியே இல்லை, அன்னைக்கே வெச்சுட்டாங்க, இப்பப் பாருங்க சைக்கிள் ஓட்டறேன் என்று. டாக்டர் மெதுவாக ஓட்டலாம் என்றுதான் சொன்னார். ஒவ்வொரு மேட்டிலும் அவர் ஏற்றுவது சைக்கிளை அல்ல, அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை. அது எந்த மேட்டில் நழுவுமோ.

"வலது கையிலயே வைங்க" என்றாள். சொன்னது யார் குரலோ போல இருந்தது. "வலதுல கியர் மாத்தறது வருமுங்கக்கா, ரெண்டும் ஒரே பக்கம் ஆயிரும்" என்றான் ஹாரூன் தயங்கி. "அப்ப இடது" என்றாள். "பாத்தியா, எப்படிப் பட்டுனு முடிவு பண்றா" என்றார் குழந்தைவேலு ஹாரூனிடம்.

அப்புறம் பெயிண்ட் அட்டை வந்தது. விசிறி மாதிரி விரிந்தது, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு நிறம், புரட்டப் புரட்டத் தீரவில்லை. ஹாரூன் வசதிக்காக ஃபிரேமுக்கு நேராக ஒன்றொன்றாகப் பிடித்துக் காட்டினான். இது மினுங்கும், இது மினுங்காது, இது சேறு பட்டாலும் தெரியாது. வசந்தாமணி கையை நீட்டினாள். "வெளிச்சத்துல பாக்கோணும்" என்று அட்டையை வாங்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். பழக்கம்தான். மூன்று மணி வெயில் அவிநாசி ரோட்டின் மேல் தகரம் போலக் கிடந்தது. மேம்பாலத்துத் தூணின் நிழலில் ஆட்டோக்கள் நின்றன. அட்டையைச் சாய்த்துப் பிடித்தாள். நீலம். நீலத்தில் சிவப்பு ஓடுகிறதா, பச்சை ஓடுகிறதா. தெரியவில்லை. அடுத்தது. காவி. இது காவிதானா. கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தாள். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்து கழிவுநீர்த் தொட்டிக்குப் போகிற தண்ணீர் மாதிரி, எல்லாச் சாயமும் கலந்தால் கடைசியில் வருமே அந்த ஒரு கலர், அதற்குப் பெயர் கிடையாது, அதாக ஆகிக்கொண்டிருந்தது. அந்தக் கண் போய்விட்டதா என்று ஒரு விநாடி பயந்தாள். கண் போகவில்லை, கண்ணில் தண்ணீர் நிற்கிறது. சரி, நிற்கட்டும். சேலைத் தலைப்பை எடுத்துத் துடைக்கக் கையைக் காலி பண்ண வேண்டும், அதற்கு அட்டையை எங்கேயாவது வைக்க வேண்டும், வைக்க இடம் தேட வேண்டும்.

குழந்தைவேலு இரண்டு காகிதக் கோப்பைகளோடு பக்கத்து டீக்கடையிலிருந்து வந்தார். "சக்கரை இல்லாமத்தான் வாங்குனேன், ரெண்டும். என்னாச்சு? தூசி விழுந்துருச்சா?"

"எனக்கு எடுக்கத் தெரியலீங்க."

"உனக்கா? கலர் பாக்கவா?" சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "பரவால்ல, மெதுவா எடு. இன்னொரு நாளைக்கு வந்துகூட..."

"இன்னொரு நாளைக்கும் நான்தான எடுக்கோணும்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வார்த்தை நிற்கவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் ரெண்டு வழி சொன்னாருங்க. பைபாஸ் பண்ணுனா நாள்பட நிக்குமுன்னாரு. ஸ்டென்ட் வெச்சா இன்னிக்கே முடியுமுன்னாரு. எதுன்னு என்னையக் கேட்டாரு. நான் ஸ்டென்ட்டுன்னு சொன்னேன்."

அவர் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்கவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க உள்ள படுத்திருந்தீங்க."

"அன்னைக்குச் சரி. அப்பறம்?"

"அப்பறம் நல்லா இருந்தீங்க. நல்லா இருக்கறவர்கிட்டப் போயி என்னன்னு சொல்றது? நான் யோசிச்சுச் சொன்னன்னு நெனைக்காதீங்க. யோசிக்கவே இல்ல. கால் வலிச்சுது. எனக்கு முடிஞ்சாப் போதுமுன்னு இருந்துச்சு."

சொல்லி முடித்ததும் அவளுக்கு லேசாகவும் இல்லை, பாரமாகவும் இல்லை. வெயில் அதே மாதிரி அடித்தது. அவர் முகம் சிவந்து, பிறகு சிவப்பு இறங்கியது. கோபம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கோபப்படுவது அபூர்வம், கோபப்பட்டால் நெஞ்சுக்கு ஆகாது என்று உடனே அவள் மனம் கணக்குப் போடத் தொடங்கியது, சீ, இந்த நேரத்திலும்.

"நான் மேட்டுல போறப்பெல்லாம் போன் பண்ணி, தண்ணி குடிச்சீங்களான்னு கேப்பியே. அது இதுக்குத்தானா?"

"ம்."

"ராத்திரில நீ முழிச்சுக் கெடக்கறது எனக்குத் தெரியும்" என்றார். "பட்டறையை விட்டு வந்தது தாங்காமத் தூக்கம் வரலேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் இந்த சைக்கிளே. வெளிய கூட்டீட்டுப் போனாச் சரியாயிருமுன்னு." கோப்பையிலிருந்த டீயை அப்படியே சாக்கடைப் பக்கம் ஊற்றினார். "சொல்லியிருக்கோணும் வசந்தா. என்ற நெஞ்சு. எனக்குத் தெரியோணும்."

"தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நீங்க முழிச்சு உக்காந்திருந்து, டாக்டர் உங்களையே கேட்டிருந்தா?"

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. பதில் வந்து நாக்கில் நின்றுவிட்டதை இரண்டு பேரும் பார்த்தார்கள். "உன்னையக் கேக்கச் சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில், மெதுவாக, யாரோ திருடிக்கொண்டு போனதாக நினைத்ததைத் தன் பையிலேயே கண்டுபிடித்த மாதிரி. அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த அட்டையைப் பிடித்து இழுத்தார். அவள் அதை இறுக்கிப் பிடித்திருந்ததால் கொஞ்சம் பலமாகவே இழுக்க வேண்டியிருந்தது. "நீ போயி உக்காரு. நான் பாக்கறேன்" என்றார்.

கடைக்குள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது, அதில் கிடந்த டியூபை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். காத்தாடி தலைக்கு நேர் மேலே சுற்றியது. அவர் மேசைக்கு முன்னால் நின்று, "தம்பி, எல்லாத்தையும் மறுபடி மொதல்ல இருந்து காட்டு" என்றார். குரல் கரகரவென்று இருந்தது. ஹாரூன் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் எடுத்து வைத்தான். பெடல் இரும்பா பிளாஸ்டிக்கா. இரும்பு. இல்ல, இரு, செருப்புக் கால் வழுக்குமா? வழுக்காதுண்ணா, முள்ளு முள்ளா இருக்கும். முள்ளு கால்ல பட்டா? படும். அப்ப பிளாஸ்டிக். இல்ல, இரும்பே போடு. அவர் தடுமாறுவதைக் கேட்க அவளுக்கு உதடு துடித்தது, பிளாஸ்டிக்தான் போடோணும், மழையில் துருப்பிடிக்காது, எடையும் குறைவு என்று சொல்ல வந்து, சொல்லவில்லை. டயர் ஓரம் கறுப்பா பழுப்பா. அவர் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார். அதுகூடத் தெரியவில்லையா, பூச்சு என்ன கலர் என்று முடிவு பண்ணாமல் டயர் ஓரத்தை எப்படி எடுப்பார், தப்பு, தலைகீழாகப் போகிறார். போகட்டும். கோபம் இருக்கிறது அவருக்கு, வீட்டுக்குப் போனாலும் இருக்கும், நாளைக்கும் இருக்கும். அடைப்பு இருந்த மூன்று இடமும் அங்கே வைத்த கம்பிவலையும் அப்படியேதான் இருக்கின்றன, அவள் சொன்னதால் ஒன்றும் மாறவில்லை, எந்த வழி நல்ல வழியென்று இனியும் யாரும் வந்து சொல்லப் போவதில்லை. ஆனால் இப்போது இரண்டு பேருக்குத் தெரியும். அவர் குரல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, சங்கிலி வெள்ளியா, கறுப்பா, ஏப்பா இத்தனை இருக்குது, அந்தக் குரல் இருக்கிற வரைக்கும் மூச்சும் இருக்கிறது, தனியாக அதைக் கேட்க வேண்டியதில்லை, காதைக் கழற்றி வைத்துவிடலாம், காத்தாடிக் காற்று, ரப்பர் வாசனை, எங்கேயோ புஸ் என்று சீட் இறங்கும் சத்தம், அவளும் கூடவே கொஞ்சம் இறங்கினாள், இன்னும் கொஞ்சம், அடியே இல்லாத ஒரு இறக்கம் போல.

"வசந்தா."

விழித்தபோது கழுத்து ஒருபக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நன்றாகவே தூங்கியிருக்கிறாள், வாயோரம் ஈரம். குழந்தைவேலு முன்னால் நின்றார், சட்டை வியர்த்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பகல் முழுக்கக் கல் உடைத்தவர் மாதிரி முகம். கண்கள் அவளைப் பார்த்தன, கோபம் முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் பார்த்தன. "எடுத்துட்டேன்" என்றார். "எல்லாம் எடுத்துட்டேன். கலர் மட்டும் நீ ஒருக்கா பாத்துரு."

அட்டையில் ஒரு விரல் நிறத்தை மட்டும் மடக்கி நீட்டினார். வசந்தாமணி வாங்கிப் பார்த்தாள். மஞ்சளும் இல்லை, பழுப்பும் இல்லை, நடுவில் எங்கேயோ கொதி தவறிப்போன சாயம். அதற்குள் பச்சை வேறு அழுக்காக ஓடுகிறது. அதோடு வைக்க அவர் எடுத்திருந்த கைப்பிடி உறை மேசையின் மேல் இருந்தது, ஊதா. பட்டறையில் இதைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் விளக்கைக்கூடப் போட்டிருக்க மாட்டாள், தூரத்திலிருந்தே கையை ஆட்டியிருப்பாள்.

"நல்லா இருக்குதா?"

"நல்லா இல்லீங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அது அவருக்கும் கொஞ்சம் தெரிந்துதான் இருந்தது போல. "மாத்தட்டுமா?"

"வேண்டாங்க. இருக்கட்டும்."

"ஊதா?"

"அதுவும் இருக்கட்டும்."

அவர் அந்த அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஹாரூன் பெயிண்ட் அடிக்கிற இடத்துக்குப் போன் போட்டு, காதோடு வைத்துக்கொண்டு, ரெண்டு பேரையும் நெளிந்துகொண்டே பார்த்தான். "அப்ப இதையே அடிச்சரலாமுங்களாக்கா? அடிச்சுட்டா அப்பறம் மாத்த முடியாதுங்க."

வசந்தாமணி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"அவரைக் கேளுங்க தம்பி" என்றாள்.